ஆறரை மணிப் பசி

ஆவுடையப்பனுக்கு அறுபத்து மூன்று வயது. மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். மனைவி பூரணம் இறந்து நான்கு வருஷம் ஆகிறது. ஒரே மகன் மஸ்கட்டில் இருக்கிறான். அம்பாசமுத்திரத்தில், ஆற்றுக்குப் போகும் ஒரு சந்தில், இரண்டு தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் தனியாக இருந்தார்.

தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு அவருக்குப் பயம் வரும்.

என்ன பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அடிவயிற்றில் தொடங்கும். ஜில்லென்று மேலே ஏறும். அது நெஞ்சுக்கு வருவதற்குள் டின்னைத் திறந்துவிட வேண்டும். காராச்சேவு, கருப்பட்டி மிட்டாய், முந்திரிக்கொத்து, எது இருந்தாலும் சரி. டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு, என்ன தின்கிறோம் என்று பாராமல் தின்பார். டின் காலியாகும்போது உடம்பு கனத்துவிடும், கண் சொருகிவிடும். பயமும் எங்கோ அடியில் போய் அமுங்கிவிடும்.

இரண்டு வருஷமாக இப்படித்தான். சர்க்கரை ஏறியிருந்தது. இடது காலில் பட்ட சின்னக் காயம் ஆறு வாரமாக ஆறவில்லை. டாக்டர் திட்டினார். ஆவுடையப்பன் தலையாட்டிவிட்டு, திரும்பும் வழியிலேயே மிட்டாய்க்கடைக்குப் போனார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை முந்திரிக்கொத்து உருண்டை ஒன்று தொண்டையில் அடைத்துக்கொண்டது.

முதலில் இருமலாம் என்று நினைத்தார். இருமல் வரவில்லை. மூச்சும் வரவில்லை. எழுந்து சமையலறைக்கு ஓடி, செம்பைச் சாய்த்தார். தண்ணீர் உள்ளே இறங்காமல் வாய் வழியே வழிந்தது. காதுக்குள் இரைந்தது. டிவியில் யாரோ கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கண் வாசல் கதவுக்குப் போனது. மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள். போட்டது அவரேதான்.

மூன்று நாள் ஆகும் என்று நினைத்தார். என்னைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆகும்.

சமையல் மேடையின் விளிம்பில் வயிற்றை ஓங்கி மோதினார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி மோதினார். பார்வை இருட்டிக்கொண்டு வந்தது. மூன்றாவது முறை உடம்பை அப்படியே விழவிட்டார். உருண்டை தெறித்துத் தரையில் விழுந்தது.

வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். மூச்சு ஒவ்வொன்றும் விசில் போல வந்தது.

ஆனால் அவரை நடுங்க வைத்தது அதுவல்ல. மறுநாள் காலை பல்கூடத் தேய்க்காமல், அதே டின்னில் மிச்சமிருந்த நான்கு முந்திரிக்கொத்தையும் நின்றுகொண்டே தின்று முடித்தார். கடைசி உருண்டை உள்ளே போன பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது.  சட்டையை மாட்டிக்கொண்டு, நொண்டி நொண்டி, ஆற்றங்கரை மடத்துக்குப் போனார்.

மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று அறை, ஒரு கிணறு. அங்கே இருந்த துறவி உலகம்மை. நாற்பத்திரண்டு வயது. ஆவுடையப்பனைவிட இருபத்தோரு வயது சின்னவர். பூரணம் போன துக்கத்தில் ஒருநாள் அந்தப் பக்கம் ஒதுங்கிய ஆவுடையப்பன், அன்றிலிருந்து வெள்ளிதோறும் வந்து அவர் முன்னால் உட்கார்ந்துகொண்டிருந்தார். உலகம்மை இவரைக் கூப்பிடுவது அண்ணாச்சி என்று. இவர் அவரைக் கூப்பிடுவது தாயே என்று.

உலகம்மை கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை இல்லையே அண்ணாச்சி."

ஆவுடையப்பன் எல்லாவற்றையும் சொன்னார். டின், தாழ்ப்பாள், சமையல் மேடை, காலையில் தின்ற நான்கு உருண்டை. சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது.

"செத்துப் பிழைச்சிருக்கேன் தாயே. விடிஞ்சதும் அதையே திங்கேன். இது மனுஷன் செய்யுற காரியமா? இதை எப்படி நிறுத்த?"

"டின்னைத் தூக்கிப் போட்டுப் பார்த்தீங்களா?"

"மூணு தடவை. மூணு தடவையும் கடை திறக்கதுக்கு முன்னாடி போய் வாசல்ல நின்னேன்."

"எதுக்காகத் திங்கீங்க?"

"தின்னா பயம் போயிடுது."

உலகம்மை துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். பிறகு வந்து கிணற்றுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கு இருபத்தாறு வயசு இருக்கும்போது, என் குரு என்னை மலையடிவாரத்துல ஒரு குடிசையில தனியா இருக்கச் சொன்னார். பலாப்பழக் காலம். ஒருநாள் இருட்டுற நேரத்துல கரடி வந்து முற்றத்துல நின்னுச்சு. பயந்துபோய் ஒரு பழத்தை எடுத்து வெளியே உருட்டிவிட்டேன். தின்னுட்டுப் போயிட்டு."

"நல்லதாப் போச்சு."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். மறுநாளும் வந்துச்சு. மறுபடி ஒரு பழம். பத்து நாள் கழிச்சு மத்தியானம் ரெண்டு மணிக்கே வந்து உட்கார்ந்துடும். அது போகணும்னு நான் பழம் போட்டேன். அது பழத்துக்காக வந்துச்சு."

ஆவுடையப்பன் மெல்லக் கேட்டார். "அப்புறம்?"

"பழம் தீர்ந்துபோச்சு. அன்னைக்குக் கதவைப் பிராண்டிச்சு."

"எத்தனை நாள்?"

"ஒன்பது நாள்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"உள்ளே உட்கார்ந்து நடுங்கினேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். பத்தாம் நாள் வந்து கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிட்டு."

ஆவுடையப்பன் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போலக் குனிந்திருந்தார்.

"என்னால முடியாது தாயே. தனியா அப்படி உட்கார என்னால ஆகாது."

"சாயங்காலம் வாரேன்" என்றார் உலகம்மை. "மத்தியானம் என்ன சாப்பிடுவீங்க?"

"ஒத்தை ஆளுக்கு எதுக்கு அடுப்பு மூட்டன்னு..."

"இன்னைக்கு மூட்டுங்க. ஒரு ரசம், ஒரு கீரை போதும். உட்கார்ந்து சாப்பிடுங்க. வயிறு காலியா இருக்கவன் பயத்தையும் பசியையும் பிரிச்சுப் பார்க்க முடியாது."

அன்று ஆவுடையப்பன் சோறு வடித்தார். பூரணம் போனபின் அந்த அடுப்பு டீ போட மட்டுமே எரிந்திருந்தது. ரசத்தில் உப்பு கூடிவிட்டது. ஆனாலும் தட்டு போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்.

சொன்னபடி ஆறு மணிக்கு உலகம்மை வந்தார். வாசல் கதவை விரியத் திறந்து வைத்தார். டிவியை நிறுத்தினார். டின்னை எடுத்து இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் வைத்தார்.

"இதை ஏன் தாயே இங்கே வைக்கீங்க?"

"ஒளிச்சு வைச்சா அதையேதான் தேடிக்கிட்டு இருப்பீங்க. இங்கேயே இருக்கட்டும்."

அறை புழுங்கியது. உலகம்மை சுற்றிலும் பார்த்தார். தெருப்பக்கம் ஒரு ஜன்னல் இருந்தது. கதவு சாத்தி, கொண்டி போட்டு, இடுக்கில் செய்தித்தாளைத் திணித்திருந்தது.

"அது எத்தனை நாளாச் சாத்தியிருக்கு?"

"ரெண்டு வருஷமா."

"ஏன்?"

"கொசு வரும்."

உலகம்மை ஜன்னலை அப்படியே விட்டுவிட்டார். 

ஆறரை மணிக்கு அது வந்தது. அடிவயிற்றில் ஜில்லென்றது. ஆவுடையப்பனின் கை தானாக டின் பக்கம் நகர்ந்தது. அவரே அந்தக் கையைப் பார்த்தார், யாருடைய கையோ போல.

"தின்னட்டுமா?"

"தின்னுங்க. அதுக்கு முன்னாடி அது எங்கே வந்திருக்குன்னு சொல்லிட்டுத் தின்னுங்க."

"வயித்துல... மேலே ஏறுது. நெஞ்சுக்கு வந்துட்டு. தாயே, நெஞ்சை அமுக்குது. செத்துப்போயிடுவேன்."

"நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

சட்டை நனைந்தது. பல் கிட்டியது. தொண்டைக்கு வந்து நின்றது. அதற்கு மேலே அது போனதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. எப்போதும் அதற்குள் வாய் நிறைந்துவிடும். இப்போது வாய் திறந்து கிடந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை போல அழுதார். ஏழேகாலுக்கு அது தளர்ந்தது.

"போயிட்டு" என்றார் நம்பாமல்.

"நாளைக்கும் வரும்" என்று சொல்லிவிட்டு உலகம்மை எழுந்துகொண்டார்.

இரண்டாம் நாள் ஆவுடையப்பன் தோற்றுப்போனார். உலகம்மை வருவதற்குள் கால் கிலோ காராச்சேவைத் தின்றுவிட்டு, உதட்டில் ஒட்டிய மாவைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கு அஞ்சரைக்கே வந்துட்டு தாயே."

"ஆமா, வரும்."

"திட்டுங்களேன்."

"எதுக்கு? மத்தியானம் சமைச்சீங்களா?"

"சமைச்சேன்."

"உப்பு?"

"இன்னைக்குச் சரியா இருந்துச்சு."

"அப்ப நாளைக்குப் பார்ப்போம்."

மூன்றாம் நாள் தின்னவில்லை. ஆனால் பயம் முன்னைவிடப் பெரிதாக வந்தது. இரண்டு முறை எழுந்து தெருவுக்கு ஓடிவிடப் பார்த்தார். வாசல்வரை போய், எதிர்ப்பக்கம் கண்ணில் பட்டதும் சுட்டுவிட்டது போல உள்ளே திரும்பி வந்தார். உலகம்மை அதைக் கவனித்தார்.

நான்காம் நாள் அவர் வந்ததும் நேரே ஜன்னலுக்குப் போனார். இடுக்கிலிருந்த செய்தித்தாளை உருவினார். கொண்டியில் கை வைத்தார்.

"வேண்டாம் தாயே."

"கொசுவுக்கா?"

 உலகம்மை ஜன்னலைத் திறந்தார்.

எதிரே ஒரு பூட்டிய வீடு. கம்பிக்கேட்டில் துரு ஏறியிருந்தது.

"யார் வீடு?"

"சைலப்பன் வாத்தியார் வீடு. பொஞ்சாதி போனப்புறம் தனியா இருந்தாரு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இறந்துட்டாரு. உள்ளேயே கிடந்தாரு. மூணு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது."

"எப்படித் தெரிஞ்சுது?"

"வாடை வந்துச்சு."

ஆறரை ஆகிவிட்டிருந்தது. அது வந்தது. இந்த முறை வயிற்றில் தொடங்கவில்லை. ஜன்னல் வழியாக நேரே வந்து அவர் தலைமயிரைப் பிடித்தது. ஆவுடையப்பன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

உலகம்மை அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன கேக்கு அண்ணாச்சி?"

"ஒண்ணும் கேக்கலை."

"பின்னே காதை ஏன் பொத்துறீங்க?"

வெகுநேரம் கழித்து ஆவுடையப்பன் கையை எடுத்தார். முகம் சுண்ணாம்பு போல வெளிறியிருந்தது.

"அன்னைக்கு ஆறரை மணிக்கு ஒரு சத்தம் கேட்டுச்சு. செம்பு விழுந்த மாதிரி. அப்புறம் யாரோ கூப்பிட்ட மாதிரி."

உலகம்மை ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"என் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி. நான் இங்கேதான் உட்கார்ந்திருந்தேன். மிக்சர் தின்னுக்கிட்டு. டிவி ஓடுது, அதுல வந்த சத்தமா இருக்கும்னு நினைச்சேன். இல்லை தாயே. நினைக்கலை. அப்படி நினைச்சுக்கிடலாம்னு தோணிச்சு. டிவிச் சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் ரெண்டு கை அள்ளிப் போட்டுக்கிட்டேன்."

"மறுநாள்?"

"கேட்டுல பால் பாக்கெட் தொங்குச்சு. எடுக்காமலே கிடந்துச்சு. பகல்லயும் வாசல் லைட் எரிஞ்சுச்சு. அடுத்த நாள் ரெண்டு பாக்கெட். வெயில்ல உப்பிக் கிடந்துச்சு. எல்லாத்தையும் இந்த ஜன்னல் வழியாப் பார்த்தேன். தட்டலை. தட்டித் திறக்கலைன்னா என்ன செய்யன்னு பயம். முப்பத்திரண்டு வருஷம் ஊரெல்லாம் கதவு தட்டின கை தாயே இது. பத்தடி தள்ளி இருக்க ஒரு கதவைத் தட்டலை. ஜன்னலைச் சாத்திக்கிட்டேன்."

தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது.

"நான் அப்பவே போயிருந்தா அவர் பிழைச்சிருப்பாரா?"

"தெரியாது" என்றார் உலகம்மை.

"யாருக்காவது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது."

ஆவுடையப்பன் நிமிர்ந்து பார்த்தார். ஏதாவது ஆறுதல் சொல்வார் என்று காத்திருந்தார். உலகம்மை சொல்லவில்லை. கைநீட்டி, அவருடைய குளிர்ந்த கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான்.

பிறகு கேட்டார். "அவருக்கு யார் இருக்கா?"

"ஒரு மக. வடிவுன்னு பேரு. தென்காசியில இருக்கா."



அதன்பின் இரண்டு நாள் ஆவுடையப்பன் மடத்துப் பக்கம் போகவில்லை. உலகம்மையும் வரவில்லை. ஒருநாள் தின்றார், ஒருநாள் தின்னவில்லை. மூன்றாம் நாள் காலை தென்காசி பஸ்ஸில் ஏறினார். ஆழ்வார்குறிச்சியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தார். கடையத்திலும் நினைத்தார். கால் நடுங்கியதில் இறங்க முடியவில்லை, அதனால் தென்காசி வரை போய்ச் சேர்ந்தார்.

வடிவு கதவைத் திறந்தாள். நாற்பது வயது இருக்கும், வாத்தியாரின் அதே மூக்கு.

"மாமா! வாங்க, உள்ளே வாங்க. என்ன இவ்வளவு தூரம்? காபி போடுதேன்."

"வேண்டாம்மா. ஒண்ணு சொல்லணும். சொன்னப்புறம் நீ என்னை வெளியே போகச் சொல்லலாம்."

நின்றுகொண்டே சொன்னார். செம்பு விழுந்த சத்தம், கூப்பிட்ட குரல், பால் பாக்கெட், ஜன்னல். ஒன்றையும் குறைக்கவில்லை. சொல்லி முடித்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அடிப்பாள் என்று நினைத்தார். அடித்தால் நல்லது என்றும் நினைத்தார்.

 நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த வடிவின் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

"அன்னைக்கு எனக்கு அப்பாகிட்ட இருந்து போன் வந்துச்சு மாமா" என்றாள். "ஆறே கால் இருக்கும். பிள்ளைக்குப் பரீட்சை. அப்புறம் பேசிக்கிடலாம்னு எடுக்காம விட்டுட்டேன். அப்புறமும் பேசலை. மூணு நாளும் பேசலை."

ஆவுடையப்பன் அவளைப் பார்த்தார்.

"இவங்ககிட்டகூட இதைச் சொன்னதில்லை" என்று கணவனின் போட்டோ பக்கம் கைகாட்டினாள். "போன்ல அந்த நம்பர் இன்னும் கிடக்கு. ஆறே கால்னு நேரத்தோட கிடக்கு. அழிக்கவும் மாட்டேங்கேன், பார்க்கவும் மாட்டேங்கேன்."

அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.  பிறகு அவள் எழுந்து போய் இரண்டு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். வெறும் மோரும் ஊறுகாயும்தான். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

"ஞாயித்துக்கிழமை போன் பண்ணுதேன் மாமா. எடுங்க."

"எடுக்கேம்மா."

அந்த வெள்ளிக்கிழமை ஆவுடையப்பன் மடத்துக்குப் போனார். உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து, தானும் ஒரு கை எடுத்து ஆயத் தொடங்கினார். தென்காசியில் நடந்ததைச் சொன்னார்.

"பயம் வருதா?" என்றார் உலகம்மை.

"வருது. நேத்தும் வந்துச்சு. உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்குள்ளயே போயிட்டு. அப்புறம் பசிச்சுது. ரெண்டு தோசை ஊத்தித் தின்னேன்."

"கால்?"

"காயம் இன்னும் இருக்கு. இன்னைக்கு டாக்டர்கிட்ட போறேன்."

கீரைக்கட்டு பாதி முடிந்திருந்தது. ஆவுடையப்பனின் கை நின்றது.

"ஒண்ணு கேக்கணும் தாயே. அந்தச் சத்தம் என் காதுல விழுந்தது எனக்குத் தெரியும். பால் பாக்கெட்டை என் கண்ணால பார்த்திருக்கேன். ஆனா ரெண்டு வருஷமா ஆறரைக்கு வாரது என்ன பயம்னு எனக்கே தெரியாமப் போச்சே. அது எப்படி?"

உலகம்மை ஒரு முற்றிய தண்டை ஒடித்து ஒதுக்கினார்.

"தின்னுக்கிட்டே இருந்த வாய், அதைச் சொல்ல ஒழியலை அண்ணாச்சி."